வாய்ப்பழக்கம்

கோவர்த்தனன் எழுந்து நின்றதுமே வாலண்டினா தான் சொல்லப்போகும் வாக்கியத்தை மனசுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டாள். இத்தனைக்கும் பேசப்போவது அவர்தான், அவள் இல்லை. அவள் முறை வர இன்னும் எவ்வளவோ நேரம் இருந்தது. அன்றைக்கு எடுத்துக்கொண்ட புத்தகத்தைப் பற்றியோ கட்டுரையைப் பற்றியோ ஒருவர் முதலில் பேசுவார், பிறகு அவருக்கு இடப்பக்கம் இருப்பவர், பிறகு அவருக்கு இடப்பக்கம் என்று ஜமுக்காளத்தைச் சுற்றிக்கொண்டு வரும். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை என்று யாரும் நழுவக் கூடாது, ஒரு வாக்கியமாவது சொல்லியாக வேண்டும், சொல்கிறவர் முடிக்கும்வரை யாரும் குறுக்கே வாய் திறக்கக் கூடாது. இந்த வாசகர் வட்டத்தின் சட்டதிட்டமெல்லாம் அவ்வளவுதான். இன்னொன்றும் உண்டு, அதை யாரும் சட்டமாகச் சொன்னதில்லை: இந்த மாடியில் யாரும் யாருக்கும் சார் இல்லை, மேடம் இல்லை, டீச்சர் இல்லை, ஏறி வந்துவிட்டால் எல்லோரும் தோழர். கீழே கல்யாணப் பத்திரிகை அடிக்கிற அச்சகம். முகூர்த்த மாதமானால் ஞாயிற்றுக்கிழமையும் மிஷின் ஓடும், உட்கார்ந்தபடி பேசினால் பக்கத்து ஆளுக்கே கேட்காது, அதனால் பேசுகிறவர் எழுந்து நிற்பது வழக்கமாகிவிட்டது. வாலண்டினா எப்போதும் உட்காருவது ஜன்னல் ஓரம், இரண்டாவதோ மூன்றாவதோ ஆளாகப் பேசி முடித்துவிட்டு நிம்மதியாக மற்றவர்களைக் கேட்கலாம். இன்றைக்கு அவரோடு மாடிப்படியில் தனியாக மாட்டிக்கொள்ளக் கூடாது என்று பஸ் ஸ்டாண்டையே சுற்றிச் சுற்றி வந்தாள், வேண்டாத ஒரு சீப்பு கூட வாங்கினாள், அப்படி நேரத்தைக் கடத்திவிட்டு வந்து பார்த்தால் காலியாக இருந்தது அவருக்கு வலப்பக்கம் ஒரே ஒரு இடம். முறை சுற்றி வந்தால் அவள்தான் கடைசி. எதற்குப் பயந்து தாமதமாக வந்தாளோ அதன் பக்கத்திலேயே கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டது அந்தத் தாமதம். அவர் வேட்டி நுனி அவள் கையிலிருந்த கட்டுரை நகலின் மேல் பட்டது, அவள் நகலை மெல்ல இழுத்துக்கொண்டாள்.

பேசிக்கலாம் என்றுதான் சொன்னார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பீரோவைப் பூட்டிக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல், "ஞாயித்துக்கிழமை வட்டத்துல பாப்பம்ல, பேசிக்கலாம்" என்றார். அந்த ஒற்றைச் சொல்லை இரண்டு ராத்திரியாகப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டாள். கோபம் தணிந்துவிட்டது, அங்கே வைத்துச் சமாதானமாகப் பேசி முடித்துக்கொள்வோம் என்று அர்த்தமா? ஆபீசில் பேச முடியாதது எதையோ அங்கே வைத்துச் சொல்லப்போகிறாரா? இல்லை, பேசவே போவதில்லை என்பதைத்தான் மரியாதைக்காரர்கள் பேசிக்கலாம் என்கிறார்களா? தனக்குத்தானே பேசிக்கொள்வதும் பேசிக்கொள்வதுதானே, அந்தக் கணக்கில் அவள் வெள்ளிக்கிழமையிலிருந்து ஓயாமல் பேசிக்கொண்டுதான் இருக்கிறாள். எல்லாம் அந்தப் புதன்கிழமையால் வந்தது. மண்டல அதிகாரி ஆய்வுக்கு வந்திருந்தார். கூட்டுறவுச் சங்கமே காலையிலிருந்து துடைத்துப் பெருக்கி, மின்விசிறியின் ஒட்டடை எல்லாம் அடித்துக் காத்திருந்தது. செயலாளர் கோவர்த்தனன் இஸ்திரி போட்ட சட்டையில் அதிகாரிக்கு எதிரே நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். எழுத்தர் வாலண்டினா தட்டியை விலக்கி உள்ளே தலையை நீட்டி, "தோழர், டீ சொல்லட்டுமா?" என்று கேட்டுவிட்டாள். கேட்ட பிறகுதான் அவள் காதிலேயே விழுந்தது. முந்தின ஞாயிற்றுக்கிழமை மதியம் வரை அவரை அப்படிக் கூப்பிட்டுக் கூப்பிட்டு ஒரு நாவலைப் பற்றிச் சண்டை போட்டிருந்தாள், அந்தச் சூடு நாக்கில் மிச்சம் இருந்திருக்கிறது. அதிகாரி சிரித்தார். "என்ன கோவர்த்தனன், ஆபீஸ்ல கட்சி நடத்துறீங்களா?" அவர் சிரித்ததோடு விட்டிருந்தால் இதுவும் சிரிப்போடு போயிருக்கும். கோவர்த்தனன்தான் பாதி எழுந்து, அவங்க அப்பா கட்சிக்காரர் சார், சின்ன வயசுலேர்ந்து வாய்ப்பழக்கம் சார், சொல்லிச் சொல்லிப் பாத்தாச்சு சார் என்று மூச்சுக்கு ஒரு சார் போட்டார். பிறகு அவள் பக்கம் திரும்பி, போம்மா, போய் வேலையப் பாரு என்றார். அப்பா கட்சிக்காரர் என்பது பொய்யில்லை. விவசாயத் தொழிலாளர் சங்கத்தில் இருந்த பச்சைமுத்து பஸ் கண்டக்டரையும் தோழர் என்பார், மருந்துக்கடைக்காரரையும் தோழர் என்பார், கோபம் வந்தால் பெண்டாட்டியையும் தோழர் என்பார். விண்வெளிக்குப் போன பெண்ணின் பெயரைத் தேடிப்பிடித்து மகளுக்கு வைத்தார், மகள் போய்ச் சேர்ந்தது நெல் கொள்முதல் செய்கிற சங்கத்துக்கு. ஆனால் இந்த வாய்ப்பழக்கம் அப்பா கொடுத்ததில்லையே. அப்பா போன பிறகு எத்தனையோ வருஷம் அவள் யாரையும் தோழர் என்று கூப்பிட்டதே இல்லை. கூப்பிடச் சொன்னவர் இதோ எழுந்து நிற்கிறார்.

நல்ல குரல் அவருக்கு. அதை யாரும் மறுக்க முடியாது. அச்சு மிஷினின் தடதடப்புக்கு மேலே ஏறாமல், அதற்குக் கீழே புகுந்து வருகிற குரல். எழுபது வருஷத்துக்கு முந்தின அரசியல் கட்டுரை ஒன்றைத்தான் இன்றைக்கு எடுத்திருந்தார், 'நல்ல எஜமானர்கள்' என்று தலைப்பு, மூன்று வாரத்துக்கு முன்னாலேயே நகலெடுத்து எல்லோருக்கும் கொடுத்தாகிவிட்டது. கொடிய எஜமானை எதிர்ப்பது சுலபம், அவன் கையில் சாட்டை தெரியும். நல்ல எஜமான் கையில் நம் பிள்ளைக்கு வாங்கிய மிட்டாய் இருக்கிறது, அந்தக் கையை எப்படித் தட்டிவிடுவது என்று கேட்கிறது கட்டுரை. நன்றியுணர்ச்சியைப் போல மலிவான விலங்கு வேறில்லை என்ற வரியை அவர் இரண்டு தடவை வாசித்தார், இரண்டாவது தடவை கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு பார்க்காமலே சொன்னார். எதிரே ஸ்டுடியோ வைத்திருக்கிற ஜெகபர் ஆஹா என்று தலையாட்டினார். வாலண்டினாவின் தலையும் ஆடியது, அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. இவ்வளவு அழகாக ஒருவருக்குப் புரிகிறதே, புதன்கிழமை மட்டும் எப்படிப் புரியாமல் போயிற்று? நடிக்கிறாரா என்று உற்றுப் பார்த்தாள். இல்லை. நடிக்கவில்லை, அதுதான் கஷ்டம். மனிதருக்கு உண்மையிலேயே புத்தகம் என்றால் உயிர். ஒருநாள் அவள் மேஜை இழுப்பறைக்குள் கிழிந்த வாரப்பத்திரிகையைப் பார்த்துவிட்டு, திட்டுவார் என்று அவள் பயந்து நின்றபோது, மறுநாள் வீட்டிலிருந்து அறுநூறு பக்க நாவலைக் கொண்டுவந்து கொடுத்தவர் அவர்தான். அந்த நாவலில் ஒரு பண்ணைக் கணக்கன் வருவான், வாழ்நாளெல்லாம் குனிந்து எழுதி எழுதி நிமிர மறந்து போனவன். அவனுக்காக அவள் அடுக்களையில் அழுதிருக்கிறாள். படித்து முடித்து அவரிடம் சொன்னபோது, நீங்க வட்டத்துக்கு வரணும், அங்க நான் செயலாளர் இல்ல, நீங்க எழுத்தர் இல்ல, ரெண்டு பேரும் தோழர் என்றார். முதல் தடவை அந்த வார்த்தை அவள் வாயில் வரவே இல்லை, சா என்று தொடங்கி விழுங்கினாள், எல்லோரும் சிரித்தார்கள், அவரும் சிரித்து, பரவாயில்ல, பழகிடும் என்றார். பழகிவிட்டது. எங்கே எதுவரை பழக வேண்டும் என்று மட்டும் அவர் சொல்லித்தரவில்லை. தப்பு அவளுடையதுதானோ? செருப்பை வாசலில் விட்டுவிட்டு ஏறுவதைப் போல அந்த வார்த்தையையும் இறங்கும்போது மாடியிலேயே விட்டுவிட்டுப் போயிருக்க வேண்டுமோ? மற்றவர்கள் எல்லோருக்கும் இது தெரிந்திருக்கிறது போலிருக்கிறது. அமலோற்பவம் தோழரைக் கடைத்தெருவில் பார்த்தால் ஜெகபரே டீச்சர் என்றுதான் சொல்கிறார். அப்படியானால் இது என்ன விளையாட்டு, ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு எல்லோரும் சேர்ந்து ஆடுகிற விளையாட்டா? அவள் மட்டும்தான் இதை நிஜம் என்று நம்பிவிட்டாளா? நெஞ்சுக்குள் எதுவோ இறங்கியது, அவமானம்தான், வேறு பெயர் தேட வேண்டியதில்லை.

கிடங்கு. அந்த வார்த்தையை நினைக்காமல் இருக்க வேண்டும் என்று நினைத்ததும் அது வந்து நின்றது. கடலோரம் இருக்கிற கொள்முதல் கிடங்குக்கு ஒரு எழுத்தரை மாற்றப்போகிறார்கள், செயலாளர் பரிந்துரைக்கிற பெயர்தான் போகும், உங்க பெயர் அடிபடுது என்று வியாழக்கிழமை சக எழுத்தர் சொல்லிவிட்டாள். இரண்டு பஸ் மாற வேண்டும். விடியுமுன் கிளம்பினால் ராத்திரி சாப்பாட்டுக்கு வந்து சேரலாம். கணவன் திருப்பூரில் பனியன் கம்பெனியில், மாதத்துக்கு ஒரு தடவை வந்து போகிற மனிதர். பிளஸ் டூ படிக்கிற மகள் ஓவியா பள்ளிக்கூடம் விட்டு வந்து பூட்டிய வீட்டைத் திறந்து விளக்கைப் போட்டுக்கொண்டு தனியாக இருக்க வேண்டும், அந்தத் தெருவில், சாராயக் கடைக்குப் போகிற வழியில். அதோடு கொள்முதல் நேரத்தில் கிடங்குக்கு ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று கிடையாது. அப்புறம் இந்த ஜமுக்காளம் கிடையாது. இதை யாரிடமாவது சொன்னால் சிரிப்பார்கள், வயதுக்கு வந்த பெண்ணைத் தனியாக விட்டுவிட்டுப் போகிறவள் கட்டுரை வாசிக்க முடியாதே என்று கவலைப்படுகிறாளாம். ஆனால் கவலைப்பட்டாள். வாரம் பூராவும் ஆமாம் சார், சரிங்க சார், இதோ சார் என்று ஓடுகிற வாய் ஒரு காலை நேரம் வேறு மாதிரி அசைகிறதே, அது இல்லாவிட்டால் என்ன ஆவாள் என்று அவளுக்கே தெரியவில்லை. இன்னும் கையெழுத்து ஆகவில்லை, பரிந்துரை நாளைக்குத்தான் போகிறது. அதனால் இன்றைக்கு நல்ல மாதிரியாக நடந்துகொண்டால் போதும். நல்ல மாதிரி என்றால் எப்படி? வரும்போதே பஸ்ஸில் ஒரு வாக்கியம் தயார் செய்திருந்தாள்: கட்டுரையை ரொம்பத் தெளிவா விளக்கினீங்க, எனக்குப் புதுசா நிறையப் புரிஞ்சுது. அதில் அழைப்பே இல்லை. தோழர் என்றால் அவருக்குப் புதன்கிழமை ஞாபகம் வரும், சார் என்றால் ஜமுக்காளமே திரும்பிப் பார்க்கும், எனவே இரண்டும் இல்லாமல். வியாழனும் வெள்ளியும் ஆபீசில் இப்படித்தான் ஓட்டினாள், கையெழுத்து வேணும், லாரி வந்துருக்கு, போன் வந்துச்சு என்று எல்லாமே மொட்டையாக, யாரிடம் பேசுகிறாள் என்றே தெரியாத பேச்சு. அவருக்கும் அது தெரிந்திருந்தது. தெரியாமல் இருக்குமா, இத்தனை புத்தகம் படித்தவருக்கு. இப்போது அவர் குரல் தணிந்தது, முடிக்கப்போகிறார் போலிருந்தது. முடிக்கிற நேரம் பார்த்து, ஒரு சின்ன செய்தி தோழர்களே என்றார். வாலண்டினா நகலின் ஓரத்தை மடித்துக்கொண்டிருந்தாள்.

நம்ம தோழர் வாலண்டினாவைப் பத்தினதுதான் என்று சிரித்தபடி தொடங்கினார். சங்கத்தில் அவர்களுக்குப் பெரிய பொறுப்பு ஒன்று காத்திருக்கிறது, கடலோரக் கிடங்கை முழுக்க அவர்களை நம்பி ஒப்படைக்கப்போகிறோம், தானே பரிந்துரை எழுதிவிட்டதாகவும் வட்டத்துக்கு இது இழப்புதான் என்றாலும் ஒரு தொழிலாளியின் மகளுக்குக் கிடைத்த உயர்வில் நாம் எல்லோரும் மகிழ வேண்டும் என்றும் சொன்னார். கைதட்டினார்கள். இதுதான் பேசிக்கலாமா. இவ்வளவு பேர் சாட்சியாக, இவ்வளவு அன்பாக, இனிமேல் அவள் வாய் திறந்தால் வாழ்த்தியவர்கள் முகத்தில் கரியைப் பூசுகிற மாதிரி ஆகிவிடும்படி. எழுதிவிட்டதாகச் சொன்னாரே, எழுதிவிட்டாரா, நாளைக்குத்தானே? எப்போது எழுதினார், வெள்ளிக்கிழமை பீரோவைப் பூட்டும்போதே உள்ளே இருந்ததா அது? அவர் உட்கார்ந்து அவள் பக்கம் சாய்ந்து, சந்தோஷமா என்று மெல்லக் கேட்டார். அவள் தலை ஆடிற்று. எப்படி ஆடிற்று என்று அவளுக்கே தெரியவில்லை. அதற்குள் இன்சூரன்ஸ் ஏஜெண்ட் சிங்காரவேலு எழுந்துவிட்டார், அவர் எந்தக் கட்டுரையாக இருந்தாலும் அதில் பொருளாதாரம் போதாது என்பவர், இன்றும் அதையே சொல்லிவிட்டு, தோழருக்கு வாழ்த்துகள் என்று முடித்தார். அடுத்தவரும் வாழ்த்தினார். அதற்கடுத்து ஜெகபர், அவர் ஸ்டுடியோவில் அப்பா பச்சைமுத்து எடுத்துக்கொண்ட போட்டோ இன்னும் இருக்கிறதாம், தோழர் உயிரோட இருந்திருந்தா எவ்வளவு பூரிச்சிருப்பார் என்றார், அவர் கண் நிஜமாகவே கலங்கியிருந்தது. ஒவ்வொரு வாழ்த்தும் அவள் மேல் ஒரு மூட்டையை ஏற்றி வைத்துவிட்டுப் போனது. நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு இறங்கிவிடலாம், யாரும் குறைசொல்லப் போவதில்லை. நன்றியுணர்ச்சியைப் போல மலிவான, அதற்கப்புறம் என்ன, விலங்கு, ஆமாம், விலங்கு. பூட்டிய வீட்டில் ஓவியா விளக்கைப் போடுகிறாள். அப்பா மருந்துக்கடையில் நின்று தோழர், கடனா ஒரு மாத்திரை என்கிறார். புதன்கிழமைக்காரர் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருக்கிறார், இஸ்திரிச் சட்டையின் முதுகு நனைந்திருக்கிறது. அதைப் பார்த்தது இப்போதுதான் ஞாபகம் வந்தது. அவரும் பயந்துதான் போயிருந்தார். பயந்தவர் பயந்ததை இவள் பார்த்துவிட்டாள், அதற்குத்தான் கிடங்கு. இதற்கு முன் தோன்றாத ஒன்று இப்படிச் சட்டென்று தெளிந்ததும் அவர்மேல் ஒரு கணம் இரக்கம்கூட வந்தது, அந்த இரக்கத்தால் கோபம் குறையவில்லை. அமலோற்பவம் தோழர் எழுந்து, கட்டுரை எழுதினவர் நல்ல எஜமானைத் திட்டுறாரா, அவர்கிட்ட வேலை பாக்குறவங்களைத் திட்டுறாரான்னு எனக்கு விளங்கல என்று ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். வாழ்த்தவில்லை. அவர் வாழ்த்தாததை வாலண்டினா கவனித்தாள். இனி அவள்தான்.

எழுந்தாள். கால் மரத்திருந்தது. பஸ்ஸில் தயார் செய்த வாக்கியம் நாக்கு நுனியில்தான் இருந்தது, ரொம்பத் தெளிவா விளக்கினீங்க என்று வந்தும்விட்டது, மிஷின் சத்தத்தில் அவளுக்கே சரியாகக் கேட்கவில்லை. சத்தமா தோழர் என்றார் ஜெகபர். சத்தமாகச் சொல்வதற்காக மூச்சை இழுத்தாள், மூச்சோடு வேறு ஏதோ வந்தது. "கட்டுரையில ஒரு விஷயம் இல்ல" என்றாள். "நல்ல எஜமானுக்கும் மேல ஒரு எஜமான் இருப்பாருல்ல. அவர் எதிர்ல உக்காந்திருக்கும்போது நம்ம நல்லவர் என்னவா ஆவார்னு இதுல எழுதல." சிங்காரவேலு நல்ல பாயிண்ட் என்கிற மாதிரி நிமிர்ந்தார். அவர்கள் இதைக் கட்டுரை என்றே நினைத்துக்கொண்டிருந்தார்கள், அவளும் இத்தோடு நிறுத்தியிருந்தால் கட்டுரையாகவே போயிருக்கும், எல்லோரும் டீ குடித்துவிட்டுக் கலைந்திருப்பார்கள். நிறுத்த வேண்டும் என்றுதான் நினைத்தாள். "புதன்கிழமை எங்க ஆபீசுக்கு மண்டல அதிகாரி வந்தாங்க. நான் தட்டியை விலக்கிட்டு இவரை, இங்க கூப்பிடுற மாதிரியே, தோழர்னு கூப்பிட்டுட்டேன். எனக்குக் கிடைச்சிருக்கிற பெரிய பொறுப்பு" என்று தொடங்கினாள், அந்த வாக்கியம் முடியவில்லை, இடப்பக்கத்து முழங்காலுக்குப் பக்கத்தில் இருந்து, மிஷின் சத்தத்துக்குக் கீழே புகுந்து வருகிற அந்தக் குரலில் வந்தது:

"போதும், உக்காரும்மா."

சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. ஆபீசில் ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்வாரோ அதே அளவில், அதே அலுப்பில்தான் சொன்னார். ஆனால் ஜமுக்காளத்தில் இருந்த எல்லோருக்கும் கேட்டது. யாரும் யாரையும் பார்க்கவில்லை. ஜெகபர் தன் கையிலிருந்த நகலைத் திருப்பி வைத்தார். அமலோற்பவம் மட்டும் கோவர்த்தனனை நேராகப் பார்த்தார், தவறான விடை சொன்ன பிள்ளை தானே திருத்திக்கொள்ளட்டும் என்று காத்திருக்கிற டீச்சராக. கோவர்த்தனனுக்கும் அப்போதுதான் தான் சொன்னது காதில் விழுந்திருக்க வேண்டும், எதையோ சேர்த்துச் சொல்ல வாயைத் திறந்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார். அவர் முகம் எப்படியாகும் என்று அவளுக்குத் தெரியும், அவளே புதன்கிழமை அந்த முகத்தோடுதான் தட்டிக்கு வெளியே நின்றாள். இனி கிடங்கு உறுதி. நாளைக்கே கையெழுத்தாகிவிடும், ஓவியாவுக்கு இன்று ராத்திரியே சொல்லிவிட வேண்டும், சாயங்காலங்களில் பக்கத்து வீட்டில் இருக்கச் சொல்ல வேண்டும். பயமாகத்தான் இருந்தது. அதைவிட மோசம், போதும் என்ற அந்தச் சொல் காதில் விழுந்த மாத்திரத்தில், அவளைக் கேட்காமலே, அவள் இரண்டு முழங்காலும் பாதி மடங்கியிருந்தன. ஆபீசில் அத்தனை வருஷமும் மடங்கிப் பழகியவை. அப்படியே பாதி உட்கார்ந்த நிலையில் அதைக் கண்டுகொண்டாள். சுவரில் ஒரு கையை ஊன்றினாள், மெதுவாக நிமிர்ந்தாள், சத்தமாகப் பேசச் சொல்லியிருக்கிறார்களே என்று மூச்சை நன்றாக இழுத்துக்கொண்டாள்.

"நான் இன்னும் முடிக்கல, தோழர்."